நுவரெலியா சுவெற்றர் கனடாவுக்குப் போதாது

மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போகும் அம்மாமார், பயணத்துக்கு முன் மாத்திரை எழுதி வாங்க என்னிடம் வருவார்கள். குளிருக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். "நுவரெலியா போனபோது வாங்கின சுவெற்றர் இருக்கு டொக்டர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். நுவரெலியா நம் இலங்கையின் குளிரான மலையூர்தான், ஆனால் அந்தக் குளிர் வேறு.

திருகோணமலையில் தேங்காயெண்ணெய் உறைவதே அபூர்வம். அது உறைய 24 பாகை போதும். கனடாக் குளிர்காலத்தில் வரக்கூடிய, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்பது நம் உடம்பு பழகாத கணக்கு.

ஆனால் குளிரின் வேலையை நாம் அறியாமல் இல்லை. மாரி மழையில் நனைந்தபடி நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறீர்களா? 25 பாகையிலேயே பல் கிட்டும். ஈரத் துணியும் காற்றும் சேர்ந்து உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போவதுதான் காரணம். உடுப்பு தானாகச் சூடு தராது. அதற்குள் அடைபட்ட காற்றுதான் நம் சூட்டைப் பிடித்து வைக்கிறது. துணி நனைந்தால் அந்தக் காற்று போய்விடும்.

அதனால் உடம்போடு ஒட்டிப் பருத்திப் பெனியன் வேண்டாம். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளிச் சட்டை, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற். கடைக்குள்ளோ பஸ்ஸிலோ ஏறியதும் ஜக்கெற்றைத் திறந்துவிடுங்கள், வியர்க்கக் கூடாது. தொப்பி காதை மூட வேண்டும். விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை, தனித்தனி விரல் உள்ளதைவிடச் சூடானது.

நான் அதிகம் பயப்படுவது கால்களுக்குத்தான். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறை போட்டு, இறுக்கமான சப்பாத்துக்குள் காலைத் திணிப்பார்கள். இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒரு கம்பளிக் காலுறை போட்டபின்னும் விரல் அசைய இடமுள்ள சப்பாத்து வேண்டும். நீரிழிவால் கால் விறைத்தவர்களுக்குச் சப்பாத்து கடிப்பதும் தெரியாது, நெருப்புச் சுடுவதும் தெரியாது. குளிருக்கு ஹீட்டரில் காலை வைத்து, கொப்புளம் வந்தபிறகே கவனித்த ஒரு ஐயாவுக்கு இங்கு வந்தபின் பல வாரம் மருந்து கட்டினேன். தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்றோடு சேர்ந்து -28 பாகைபோல் உணரப்படும் நாளில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். விரலோ காதோ மூக்கோ வெளிறி, மெழுகுபோலாகி, உணர்வு போனால் உடனே உள்ளே போங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பில் காட்ட வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, வைத்தியரிடம் காட்டுங்கள். நீருக்குள் விடுமுன் அதன் சூட்டை வேறொருவர் பார்க்கட்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி விழுந்தால் அது ஆபத்து, அம்புலன்ஸை அழையுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரைகளில் சில கை காலைக் குளிரச் செய்யும். நீங்களாக நிறுத்தாமல், புறப்படுமுன் கேளுங்கள்.

சப்பாத்தையும் ஜக்கெற்றையும் இங்கே தேடி அலைய வேண்டாம். பாதத்தைத் தாளில் வைத்து அளவு கீறிப் பிள்ளைக்கு அனுப்புங்கள், அங்கேயே வாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டு வரட்டும். தொப்பியும் காலுறையும் மாத்திரைகளும் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.