அறுந்து போகும் சிக்னலில் 40 எம்பி வீடியோ எப்படிப் போய்ச் சேர்கிறது?

பாக் விரிகுடாவில் ஒரு நாட்டுப்படகின் வலையில் ஆவுளியா சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடல் பசு என்று புத்தகங்கள் சொல்லும் அந்த உயிரினம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. படகுக்காரர்கள் வலையை அறுத்து அதை உயிரோடு விடுகிறார்கள், செல்போனில் வீடியோவும் எடுக்கிறார்கள். வீடியோ 40 எம்பி. மண்டபம் கரைக்கு வந்ததும் ஓர் இணையச் செயலியில் அதை ஏற்ற வேண்டும். சிக்னல் விநாடிக்கு 1 மெகாபிட் கொடுத்தாலே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் சிக்னல் அறுந்து அறுந்து வரும். இப்படிப்பட்டவருக்காக அப்லோடை அமைப்பதுதான் உண்மையான சோதனை. நகரத்து வைஃபையில் எந்தச் செயலியும் ஓடிவிடும்.

படகு எண், தேதி, வீடியோ என்று ஃபார்மில் உள்ள எல்லாவற்றையும் பிரவுசர் ஒரே கோரிக்கையில் அடுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் இடையில், உள்ளடக்கத்தில் வர வாய்ப்பே இல்லாத ஓர் எழுத்துச்சரத்தை எல்லைக்கோடாகப் போடுகிறது. 1995-இல் வந்த இந்த முறைக்கு மல்ட்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று பெயர். ஃபார்மில் இந்த வகையைக் குறிப்பிட மறந்தால் வீடியோவின் பெயர் மட்டும் சர்வருக்குப் போகும், வீடியோ போகாது.

சர்வர் வாசலில், வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கும் மென்பொருளாகப் பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் நிற்கும். அதை நிறுவியபடியே விட்டுவைத்தால் 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது, 413 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். இன்றைய செல்போன் படம் ஒன்றே அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. என்ஜின்எக்ஸைத் தாண்டி, செயலியைக் கட்ட உதவும் ஜாங்கோ போன்ற ஃபிரேம்வொர்க்கிடம் வந்தால், 2.5 எம்பி வரையுள்ள ஃபைல்களை அது நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். பெரியவற்றைத் தற்காலிக ஃபைலாக வட்டில் எழுதும். நூறு பேர் ஒரே நேரத்தில் ஏற்றினாலும் நினைவகம் நிரம்பி சர்வர் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பிறகு ஃபைல் எங்கே தங்குகிறது? தரவுத்தளத்தில் தங்குவதில்லை. அங்கே பதிவாவது ஃபைல் இருக்கும் பாதை மட்டும்தான். ஃபைலைச் சர்வரின் சொந்த வட்டில் வைத்தால், இரண்டாவது சர்வர் சேரும்போது ஒன்றில் உள்ள வீடியோ மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால்தான் அமேசான் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பு. 2006-இல் தொடங்கிய அந்தச் சேவை மும்பையிலும் இருக்கிறது. வழக்கமான சேமிப்பு வகையில் ஒவ்வொரு ஃபைலையும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் குறைந்தது மூன்று தரவு மைய வளாகங்களில் பரப்பி வைக்கிறது.

இங்கே ஒரு சிறு விஷயம் பெரிய இழப்பைத் தரும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால், சொந்த வட்டில் ஜாங்கோ இரண்டாவதன் பெயரில் ஏழு எழுத்துகளைச் சேர்த்துக் காப்பாற்றிவிடும். எஸ்3-க்குப் பரவலாகப் பயன்படும் ஜாங்கோ-ஸ்டோரேஜஸ் என்ற நிரல் நூலகமோ, நாம் அமைப்பை மாற்றாவிட்டால் பழையதன் மேலேயே எழுதிவிடும். பாம்பன்காரர் போனிலும் தொண்டிக்காரர் போனிலும் ‘ஐஎம்ஜி_0001’ என்றே படம் இருக்கலாம். பயனர் வைத்த பெயரை ஒருபோதும் சேமிப்புப் பெயராக்கக் கூடாது. தற்செயல் எழுத்துகளால் ஆன நீண்ட பெயரை நாமே உருவாக்க வேண்டும்.

இதுவரை சொன்ன வழியில் 40 எம்பியும் இரண்டு முறை பயணம் செய்கிறது, போனிலிருந்து சர்வருக்கு ஒரு முறை, சர்வரிலிருந்து கிளவுடுக்கு இன்னொரு முறை. இது வீண். வீடியோ நம் சர்வருக்குள் நுழையவே தேவையில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்குகின்றன. அது குறிப்பிட்ட படகுக்கு, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் செல்லும், அதிகாரி படகில் ஏறுவதில்லை. முன்கையொப்பமிட்ட முகவரி என்பதும் இதே ஏற்பாடுதான். எந்தப் பெயரில், எந்தச் செயலுக்கு, எத்தனை நிமிடம் வரை என்பதை எழுதி, தன் ரகசியச் சாவியால் கணக்கிட்ட கையொப்பத்தைச் சேர்த்து, சர்வர் ஒரு முகவரியைப் போனுக்குக் கொடுக்கிறது. சாவி வெளியே போவதில்லை. எஸ்3 தன்னிடம் உள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. போன் நேரே கிளவுடுக்கு ஏற்றிவிடுகிறது. ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க் இந்த நேரடி ஏற்றத்தை 2018-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே தன்னுள் வைத்திருக்கிறது.

சிக்னல் அறுந்தால்? ஃபைலைத் துண்டுகளாக்க வேண்டும். எஸ்3-இல் கடைசித் துண்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும், 10,000 துண்டுகள் வரை போகலாம். நம் வீடியோ எட்டுத் துண்டு. ஒவ்வொன்றும் சுமார் 40 விநாடி. ஒவ்வொரு துண்டு போய்ச் சேர்ந்ததும் அதற்கான அடையாளக் குறி திரும்பி வரும். ஆறாவது துண்டின் நடுவில் சிக்னல் போனால் முதல் ஐந்தும் பத்திரமாக இருக்கும், ஆறாவதை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். எட்டும் முடிந்தபின் குறிகளின் பட்டியலைக் கொடுத்தால் எஸ்3 அவற்றை ஒரே ஃபைலாக்கிவிடும்.

சர்வர் வழியாக வராத ஃபைலைச் சர்வர் பார்த்திருக்காது. ஆகவே ஏறிய பிறகு பின்னணியில் ஒரு வேலை அதன் முதல் சில பைட்டுகளைப் படித்துச் சோதிக்க வேண்டும். பெயரின் வாலில் ஜேபெக் என்று இருப்பது எதையும் நிரூபிக்காது. உண்மையான ஜேபெக் படம் பதினறும எண்முறையில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று எழுதப்படும் மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும்.

நம் கரைக்கு இன்னொரு கவலையும் உண்டு. செல்போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கலாம். ஆவுளியா மேயும் கடற்புல் படுகையோ, 2001 முதல் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை கிடைக்கும் இடமோ வேட்டைக்காரர் கையில் சிக்க அந்த இரண்டு எண்கள் போதும். மூலப்படத்தைப் பூட்டிய பக்கெட்டில் (எஸ்3-இல் ஃபைல்களை வைக்கும் பெட்டிக்கு அதுதான் பெயர்) வைத்துக்கொண்டு, இடக்குறிப்பை நீக்கிய நகலை மட்டும் பொதுவில் காட்டுவதைக் கட்டாயம் என்றே கருதுகிறேன்.

பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் தானாக அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், மாத பில்லில் மட்டும் ஏறும். இத்தனை நாளில் முடியாத அப்லோடின் துண்டுகளை அழித்துவிடு என்று பக்கெட்டுக்கு ஒரு விதி எழுதலாம். ஒரு நாள் என்று எழுதினால் செலவு மிச்சம்தான். ஆனால் ஐந்து துண்டு ஏற்றிவிட்டு மறுபடி கடலுக்குப் போனவர் திரும்பி வந்து மீதியை ஏற்ற வேண்டுமே. ஏழு நாள் என்று வைப்பதே சரி.