டி'குரூஸ் என்ற பெயரைத் தாங்காத வெப்சைட்

போன மாதம் தூத்துக்குடிப் பக்கம் டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் போன் செய்தார். அவரிடம் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடுகளுக்கு முன்பின் தெரியாத ஏஜெண்டுகள் கூப்பிடுகிறார்களாம். பையன் பெயர், குரூப், அரையாண்டு மார்க் வரை சரியாகச் சொல்லி, "எங்க காலேஜ்ல சீட் இருக்கு" என்கிறார்களாம். பெற்றோர்கள் இவர் சட்டையைப் பிடிக்காத குறை. "சத்தியமா நான் யாருக்கும் நம்பர் குடுக்கலை சார்" என்றார். அவர் கொடுக்கவில்லைதான். அவருடைய வெப்சைட் கொடுத்திருக்கிறது.

அந்த வெப்சைட் ஒரு மாணவனின் கடைசி வருட புராஜெக்ட். வைவா முடிந்ததும் தலைப்பையும் லோகோவையும் மாற்றி 8,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். இந்த மாதிரி என்னிடம் வந்தது இந்த வருடத்தில் இது நான்காவது. பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேடான லாகைத் திறந்தால், ஒரே ராத்திரியில் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகள். எல்லாம் மாணவர் விவரப் பக்கத்துக்கு, ஐடி எண்ணுக்குப் பின்னால் 'யூனியன் செலக்ட்' என்ற டேட்டாபேஸ் கட்டளை ஒட்டப்பட்டு. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். அதாவது, தரவு போக வேண்டிய இடத்தில் டேட்டாபேஸ் கட்டளையைச் செருகி விவரங்களைக் கறப்பது. உள்ளே வந்தவன் மேதாவி எல்லாம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியை ஓடவிட்டுத் தூங்கப் போயிருப்பான்.

எனக்குக் கோபம் வந்தது அதற்கு முந்தைய கதையைக் கேட்டபோதுதான். சைட் தொடங்கிய முதல் வாரமே ஒரு பையனின் பெயர் சேவ் ஆகவில்லை. குடும்பப் பெயர் டி'குரூஸ். தூத்துக்குடியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயர். நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறியோடு பெயர் முடிந்துவிட்டதாக எண்ணி, டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையான க்வெரி உடைந்து, திரை முழுக்கப் பிழைச் செய்தி. திருட்டு நடப்பதற்கு ஆறு மாதம் முன்பே அந்தப் பிள்ளையின் பெயர் எச்சரித்திருக்கிறது. நம் டெவலப்பர் தம்பி என்ன செய்தான்? "பெயரில் எழுத்துகள் மட்டுமே அனுமதி" என்று பிரௌசரில் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செக் போட்டான். பிழை மறைந்தது. அந்தப் பையன் டிகுரூஸ் ஆனான். ஓட்டை அப்படியே இருந்தது.

நான் அவ்வப்போது வைவாவுக்கு எக்ஸ்டர்னலாகப் போகிறவன். பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது இதைத்தான்: "ஜாவாஸ்கிரிப்ட்ல வேலிடேஷன் போட்டிருக்கேன் சார்."

பிள்ளைகளே, பிரௌசர் உங்களுடையது அல்ல. எதிராளியின் வீட்டில், எதிராளியின் கம்ப்யூட்டரில் ஓடுவது. நீங்கள் அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட்டை அவர் நிறுத்தலாம், மாற்றலாம், எஃப்12 தட்டி உங்கள் செக்கையே அழிக்கலாம். தாலுகா ஆபீஸ் படிவத்தில் "கட்டத்துக்குள் மட்டும் எழுதவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். எல்லோரும் கட்டத்துக்குள்ளா எழுதுகிறோம்? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்தான் பார்த்து வாங்க வேண்டும். இன்னும் சிலர் படிவமே இல்லாமல் வெள்ளைத்தாளில் எழுதி நீட்டுவார்கள். வெப்சைட்டிலும் அதேதான். உங்கள் ஃபார்மைத் திறக்காமலேயே சர்வருக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்ப முடியும். அங்கே உங்கள் செக் ஓடுவதே இல்லை. கீழ்விரிப் பட்டியலில் மூன்று ஊர்தான் இருக்கிறது, நான்காவது வராது என்று நினைக்காதீர்கள், வரும். மறைவான ஃபீல்டில் வைத்த கட்டணத் தொகையை மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள், 1 ரூபாயாக வரும். ஜாவாஸ்கிரிப்ட் செக் நல்லவர்களின் கைத்தவறுக்கு உதவும். தாராளமாகப் போடுங்கள். அதைப் பாதுகாப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உண்மையான மருந்து பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். க்வெரியின் எலும்புக்கூடு, மதிப்பு வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறிகளோடு தனியாகப் போகும், பயனர் தந்த மதிப்புகள் தனியாகப் போகும். மதிப்பு எந்த வேஷத்தில் வந்தாலும் கட்டளையாக மாறாது. டி'குரூஸும் டி'குரூஸாகவே சேவ் ஆவான். இந்த சைட்டுகளை எழுதும் பிஎச்பி மொழியில் இதற்கான பிடிஓ என்ற வசதி 2005-லேயே வந்துவிட்டது. ஆனால் பிரிப்பேர் என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் பழையபடி புள்ளி வைத்து மதிப்பைக் க்வெரியோடு ஒட்டும் நிரலையும் நிறையப் பார்க்கிறேன். அது சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டுவது. (டேபிள் பெயர், வரிசைப்படுத்தும் நெடுவரிசையின் பெயர் இவற்றைக் கேள்விக்குறியில் வைக்க முடியாது. அனுமதித்த பெயர்களைப் பட்டியலாக வைத்து ஒப்பிடுங்கள்.)

இந்தத் தாக்குதல் முறை ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் 1998 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. இன்று கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே! பிறகு ஏன் தெரியவில்லை? ஒரு கல்லூரி லேப் மேனுவலைப் புரட்டினேன். அதில் இருந்த, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்க்‌ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டவை. இப்போதைய பிஎச்பியில் ஓடாது. அதனால் பிள்ளைகள் நிரலை மாற்றுவதில்லை, பிஎச்பியையும் டேட்டாபேஸையும் சேர்த்துத் தரும் எக்ஸாம்ப் மென்பொருளின் பழைய வெர்ஷனைத் தேடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அதில் வரும் பிஎச்பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018-இன் கடைசி நாளோடு நின்றுவிட்டது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் மேனுவலில் இரண்டு பக்கத்தை மாற்றுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பழைய எக்ஸாம்ப் செய்யும் இன்னொரு கூத்து. வைவாவில் பார்த்த ஒரு சைட்டில் மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே போன் நம்பர்: 2147483647. டேபிளின் இன்டிஜர் (முழு எண்) நெடுவரிசையில் கொள்ளும் ஆகப் பெரிய எண் அது. நம் மொபைல் நம்பர்கள் 6 அல்லது அதற்கு மேல் தொடங்கும் 10 இலக்கம், எதுவுமே அதில் அடங்காது. புதிய மைஎஸ்க்யூஎல் கத்தும், பழையது சத்தமில்லாமல் உச்ச எண்ணைப் போட்டு முடித்துவிடும். போன் நம்பர் கூட்டிக் கழிக்கும் எண் அல்ல. எழுத்தாக வையுங்கள்.

பாஸ்வேர்டு. டியூஷன் சைட்டில் அப்படியே எழுதி வைத்திருந்தது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனமும் இப்படித்தான் வைத்திருந்தது, இதே இன்ஜெக்‌ஷனில் 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் போயின. அந்தப் பட்டியல் இன்றும், பாதுகாப்புச் சோதனைக்கான 'காலி லினக்ஸ்' மென்பொருளில் இலவச இணைப்பு. "நான் எம்டி5 போட்டிருக்கேன் சார்" என்பவர்களுக்கு: ஒரே பாஸ்வேர்டை எப்போதும் ஒரே எழுத்துக்கோவையாக மாற்றும் பழைய முறை அது. 123456-இன் எம்டி5 எப்போதும் 'இ10ஏடிசி' என்றுதான் தொடங்கும், எங்கள் தொழிலில் பலருக்கு அது மனப்பாடம். பிஎச்பியிலேயே இதைச் சரியாகச் செய்யும் பாஸ்வேர்டு ஹாஷ் ஃபங்க்‌ஷன் 2013 முதல் இருக்கிறது. ஒரு வரி. எழுத என்ன வலிக்கிறது?

அப்புறம், முகவரிப் பட்டையில் ஐடி 17-ஐ 18 ஆக்கினால் அடுத்தவர் மார்க் ஷீட் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். லாகின் செய்தவரா என்று கேட்டால் போதாது, இந்தப் பதிவு இவருடையதா என்றும் சர்வர் கேட்க வேண்டும். டேட்டாபேஸில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழையாதீர்கள். பாஸ்வேர்டு இருக்கும் கன்ஃபிக் கோப்பை, நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றாதீர்கள். பிழைச் செய்தி லாகுக்குப் போகட்டும், திரைக்கு வேண்டாம்.

இதைப் படித்த ஜோரில் கல்லூரி சைட்டில் மேற்கோள் குறி போட்டுப் பார்க்கப் போகாதே, தம்பி. அனுமதியில்லாமல் அடுத்தவர் சிஸ்டத்துக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை உண்டு. பழக வேண்டுமானால் ஜூஸ் ஷாப் இருக்கிறது, ஓட்டைகளோடு வேண்டுமென்றே செய்த சைட். உன் லேப்டாப்பில் போட்டு உடை.

புராஜெக்ட்டை விற்பது தப்பில்லை, முதல் சம்பாத்தியம், சந்தோஷம்தான். ஆனால் அதில் உண்மையான பெயர் ஏறிய நிமிடமே அது புராஜெக்ட் இல்லை. தரவைக் காப்பாற்றத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் வருடத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். டியூஷன் சென்டருக்கு அவ்வளவு போடமாட்டார்கள், சரி. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் விவரம் என்பதையாவது யோசியுங்கள்.

அந்தத் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். நல்ல பையன், யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். 41 க்வெரிகளையும் உட்கார்ந்து மாற்றினோம். டி'குரூஸை முதல் ஆளாக ஏற்றிப் பார்த்தான், ஏறியது. லேப்டாப்பை மூடும்போது மெதுவாகச் சொன்னான்: "இதையே இன்னும் ரெண்டு இடத்துக்குக் குடுத்திருக்கேன் சார்."

மூடிய லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன்.