கன்னத்துச் சவ்வால் சீராகும் சிறுநீர்ப் பாதை

சிறுநீர் நூலாக இறங்குகிறது, முக்கினால்தான் வருகிறது, சில நேரம் இரண்டாகப் பிரிந்து தெறிக்கிறது. வயதானவர் என்றால் புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். இளைஞருக்கு இப்படி என்றால், சிறுநீர்ப் புறவழியில், அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயில், சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆண்களுக்கு இந்தப் பாதை ஏறக்குறைய 20 செ.மீ. நீளம். கவட்டையில் பட்ட அடி, இடுப்பெலும்பு முறிவு, முரட்டுத்தனமாகச் செருகிய கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்), கொனோரியா என்ற பால்வினை நோய், லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் என எதனால் புண்பட்டாலும், ஆறும்போது தழும்பு உண்டாகும், தழும்பு சுருங்கும். அது உட்சவ்வோடு நிற்காமல் சுற்றியுள்ள பஞ்சுத் திசுவுக்குள்ளும் இறங்கி இறுகுவதுதான் பெரிய தொல்லை. சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால் சுருக்கத்தின் இடமும் நீளமும் தெரிந்துவிடும்.

குழாய் விட்டு விரிப்பதும், எண்டோஸ்கோப் வழியே கத்தியால் கீறிவிடுவதும் எளிய வழிகள். 2 செ.மீ.க்கு உட்பட்ட, முதன்முறை வந்த சுருக்கத்துக்கு இவற்றை முயன்று பார்க்கலாம். ஆனால் கீறல் தழும்பை அகற்றுவதில்லை, பிளந்து மட்டும் விடுகிறது. அந்தக் கீறலும் தழும்பாகவே ஆறக்கூடும். அதனால், மறுபடி அடைத்தவருக்குத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருப்பது அவருடைய காலத்தையும் நல்ல திசுவையும் வீணடிப்பதே. அந்த நிலையில் யூரித்ரோபிளாஸ்டி, அதாவது பாதையையே சீரமைக்கும் அறுவை சிகிச்சை, பற்றிப் பேசிவிட வேண்டும்.

விதைப்பைக்குப் பின்னுள்ள பல்பார் பகுதியில் சுருக்கம் குட்டையாக இருந்தால், தழும்பை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம். அங்கே பாதை இழுத்தால் நீளும். ஆண்குறிப் பகுதியில் அப்படிச் செய்தால் விறைப்பின்போது குறி வளைந்துவிடும்.

நீண்ட சுருக்கத்துக்குக் கைகொடுப்பது கன்னத்தின் உட்சவ்வு. முடி முளைக்காது, ஈரத்துக்குப் பழகியது, மேலடுக்கு தடித்தது. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே இருக்கிறது. அதைத் தொடாமல் சவ்வை ஒரு பட்டையாக உரித்து, அடியில் ஒட்டிய கொழுப்பைக் கத்தரிக்கோலால் வழித்து மெல்லியதாக்குவார்கள். சுருக்கம் உள்ள இடத்தை நீளவாக்கில் திறந்து, அந்தப் பட்டையை வைத்துத் தைத்து அகலமாக்குவார்கள்.

ஒட்டிய சவ்வுக்கு முதல் இரண்டு நாளும் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. கீழேயுள்ள திசுவிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே அது உயிர் பிழைக்கிறது. பிறகுதான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இணைகின்றன. அதற்குள் சவ்வு நழுவினாலோ அடியில் ரத்தம் கட்டினாலோ ஒட்டு பிடிக்காமல் போகலாம். அதனாலேயே, உறுதியான பின்புலம் கிடைக்கும், பாதையின் மேற்புறத்தில் சவ்வைப் பதிப்பதைப் பல அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

கதீட்டர் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதன்பின் சாயம் ஏற்றி, கசிவு இல்லை என்று பார்த்து எடுப்பார்கள். வாயைத் திறக்கும்போது கன்னம் சில நாள் இறுக்கமாக இருந்து சரியாகும். சுருக்கம் சில ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம் என்பதால், சிறுநீர் வேகத்தை அளக்கும் சோதனைக்கு அவ்வப்போது போய்வர வேண்டும்.