தர்மாஸ்பத்திரியும் 'இலாப நோக்கற்ற' மருத்துவமனையும்

அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்று சொன்ன தலைமுறைக்குத் தருமம் என்றால் காசு வாங்காதது. சட்டம் சொல்லும் 'சாரிட்டபிள்' அது அல்ல.

'சாரிட்டி'க்கு மூலம் லத்தீன் 'காரித்தாஸ்'. அன்பு, பரிவு என்று பொருள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு அறநோக்கங்களை அடுக்கும்போது, ஏழைகளுக்கு உதவுவதைத் தனியாகவும் மருத்துவ உதவியைத் தனியாகவும் வைத்தது. ஆகவே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியும் சட்டப்படி அற நிறுவனமாக இருக்கலாம். பலகையில் 'அறக்கட்டளை' என்றிருப்பதை நம்பிப் போனவர் பில்லைப் பார்த்து மலைப்பது இதனால்தான். மொழிபெயர்ப்புக்கும் இதில் பங்கு உண்டு: 'டிரஸ்ட்' எல்லாவற்றையும் அறக்கட்டளை ஆக்கிவிட்டோம். பிள்ளைகளுக்காகக் குடும்பச் சொத்தை எழுதிவைக்கும் பிரைவேட் டிரஸ்டில் அறம் எங்கே வந்தது?

'நாட் ஃபார் பிராஃபிட்' (இலாப நோக்கற்ற) என்பது பணம் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்லும் சொல். செலவு போக மிஞ்சலாம், தாராளமாகவே மிஞ்சலாம். அதை யாரும் டிவிடெண்டாக, அதாவது இலாபப் பங்காக, பிரித்துக்கொள்ளக் கூடாது. கட்டடம், ஸ்கேன் இயந்திரம் என்று நிறுவனத்துக்குள்ளேயே திரும்ப வேண்டும். டாக்டருக்குச் சம்பளம் தரத் தடையில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவாகும் கம்பெனிக்கும் இதே விதி. 'இலாபமற்ற' என்று எழுதினால் நட்டத்தில் ஓடுவதாக ஆகிவிடும். 'இலாப நோக்கற்ற' பரவாயில்லை. 'இலாபம் பங்கிடாத' என்பதே துல்லியம்.

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இரண்டு பெயரும் பொருந்தும். பணம் கட்டுபவரிடமிருந்து மிஞ்சுவதில் பணமில்லாதவருக்கும் கண்புரை அறுவை நடக்கிறது.

'சாரிட்டபிள்' மருத்துவமனைக்குத் தமிழில் 'அற மருத்துவமனை' போதும். பழைய சொல் 'ஆதுலர்சாலை'. ஆதுலர் என்றால் நோயாளி. திருமுக்கூடலில் உள்ள, சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையைச் சொல்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை (அறுவை சிகிச்சை) செய்பவர், மருந்து கொண்டுவருபவர் எல்லோருக்கும் அதில் ஊதியம் குறித்திருக்கிறார்கள்.

அறம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னது மகாராஷ்டிரம். அங்குள்ள 1950-ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவுப்படி, அற மருத்துவமனை 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும். மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்ற திட்டத்தில், நோயாளிகளுக்குப் போடும் பில் தொகையில் 2 சதவீதம் ஏழை நோயாளி நிதிக்குப் போகும். அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்கக் கூடாது. தாராவித் தமிழருக்கு இது உதவும்: சேர்க்கும்போதே மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்த்து, 'தர்மாதாய்' (அற ஒதுக்கீட்டுப்) படுக்கை காலியா என்று கேளுங்கள். தாசில்தார் தந்த வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். பில் போட்ட பிறகு கேட்டால் இழுபறிதான்.