ஹெர்ன்ஸா, மேவெதரா? எடை எப்போது போட்டார்கள், அதைச் சொல்லுங்கள்

வெவ்வேறு காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்களான தாமஸ் ஹெர்ன்ஸும் ஃபிளாய்ட் மேவெதரும் வெல்டர்வெயிட் எடைப் பிரிவில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? காரைக்குடியில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் குத்துச்சண்டைப் பையன்களுக்கு இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ஹெர்ன்ஸின் கைவீச்சு 78 அங்குலம், மேவெதருக்கு 72. ஹெர்ன்ஸ் எட்ட நின்றே ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டு வலது கையை இறக்கிவிடுவார் என்பது ஒரு கட்சி. 50 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காத மேவெதரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்பது எதிர்க்கட்சி.

நான் கேட்பது வேறு. எத்தனை ரவுண்ட்? எடை எப்போது போட்டார்கள்?

1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸ். சுகர் ரே லெனார்டுக்கு எதிராக 13 ரவுண்ட் முடிந்தபோது புள்ளி போடும் மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலை. 14ஆவது ரவுண்டில் அவர் கால் தளர, மேடையில் இருந்த நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அது 15 ரவுண்ட் சண்டை. 12 ரவுண்டாக இருந்திருந்தால் அன்று பட்டம் அவருடையது. அடுத்த ஆண்டே கொரிய வீரர் டுக் கூ கிம் 14ஆவது ரவுண்ட் வரை போன ஒரு சண்டைக்குப் பிறகு இறந்துபோனார். அப்புறம்தான் பட்டச் சண்டைகள் 12 ரவுண்டாகக் குறைந்தன.

எடை விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் சண்டை நாளன்றே எடை. வரம்பு 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. ஆறடி ஒரு அங்குல ஹெர்ன்ஸ் அன்று நின்றது 145இல். இன்றைய முறையில் முந்தின நாளே எடை போட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போனால், 12 ரவுண்டில் ஹெர்ன்ஸ் பாயின்ட்டில் ஜெயிப்பார் என்பேன். பழைய விதி என்றால் என் ஓட்டு மேவெதருக்கு. கடைசி மூன்று ரவுண்டில் அவர் பிடித்துவிடுவார்.

இதை வேலைமெனக்கெட்டு எழுதக் காரணம் இருக்கிறது. தொழில்முறை வீரர்கள் எடை குறைக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் பையன்களும் சித்திரை வெயிலில் ஜெர்கின் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், முந்தின நாள் தண்ணீரே குடிப்பதில்லை. அமெச்சூர் போட்டியில் காலையில் எடை, அன்றே சண்டை. இழந்த தண்ணீரை உடம்பு மீட்க நேரமே கிடையாது. ரத்த அளவு குறையும், இதயம் தாறுமாறாக வேகமெடுக்கும், உடம்புச் சூடு இறங்காது. சிலர் மருந்துக்கடையில் சிறுநீர் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். போதாக்குறைக்கு அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கும் மருந்து.

வளரும் பையன் என்றால் அடுத்த எடைப் பிரிவில் இறக்கிவிடுங்கள். எடை இறக்கியே தீர வேண்டும் என்றால் பல வாரம் முன்பே, சாப்பாட்டில் கை வையுங்கள், தண்ணீரில் வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ, தலை சுற்றினாலோ அன்று பயிற்சி கிடையாது. சண்டை முடிந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போகிறது, வாந்தி வருகிறது என்றால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாமல் அந்த ராத்திரியே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.