கியூஎல்இடியும் எல்சிடிதான்: பெரிய டிவி வாங்கப்போகும் வடசென்னைக்காரர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "சத்தம் வருது, படம் வரல" என்பது தினமும் வருகிற புகார்தான். போன வாரம் தண்டையார்பேட்டையில் போய்ப் பார்த்தது 65 இஞ்ச் டிவி. ஹால் விளக்கை அணைத்துவிட்டு ஸ்கிரீனை ஒட்டி டார்ச் அடித்தால், உள்ளே சீரியல் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பேக்லைட், அதாவது ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்கு, போய்விட்டது என்றேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னாண்ணா சொல்றீங்க, இது கியூஎல்இடி. இதுல பேக்லைட்டே கெடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும்னு சொல்லித்தானே கடையில குடுத்தாங்க" என்றார். வாரண்டி முடிந்துவிட்டது, மாதத் தவணை இன்னும் முடியவில்லை.

இதே பேச்சை ராயபுரத்தில் கேட்டாயிற்று, வியாசர்பாடியில் கேட்டாயிற்று, எர்ணாவூரில் கேட்டாயிற்று. உழைத்த காசைப் போட்டு வாங்குகிறவர்களிடம் இப்படித் தவறாகச் சொல்லி விற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அதனால் ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன்.

எல்சிடி என்றால் திரவப் படிகம். அது தானாக ஒளி தராது. பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. முன்பெல்லாம் அந்த வெளிச்சத்துக்கு மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. பிறகு குழலை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளை வைத்தார்கள். அன்றிலிருந்து "எல்இடி டிவி" என்று பெயர் வைத்து விற்கிறார்கள். படம் காட்டும் பேனல் அதே எல்சிடிதான், பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் மாறியது. 2017இல் சாம்சங் "கியூஎல்இடி" என்ற பெயரைக் கொண்டுவந்தது. நீல எல்இடி வெளிச்சத்தின் வழியில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் ஒன்றை வைத்தால் சிவப்பும் பச்சையும் இன்னும் சுத்தமாக வரும். நிறம் நன்றாக இருக்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் எல்சிடி. அதன் பின்னாலும் விளக்கு எரிகிறது. இன்று பல கம்பெனிகள் இதே பெயரில் விற்கின்றன; எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பின்னால் விளக்கு உண்டு. மினி எல்இடி என்பதும் எல்சிடிதான். விளக்குகளை மிகச் சிறியதாக்கி, நிறைய வைத்து, பகுதி பகுதியாகத் தனியே மங்க வைக்கிறார்கள். இரவுக் காட்சியில் கறுப்பு ஓரளவு கறுப்பாகத் தெரியும். எல்சிடி வகைகளில் இன்று நல்லது அதுதான்.

கடைகளில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் டிவிகளில், ஒவ்வொரு புள்ளியும் தானாக எரிவது ஓஎல்இடியில்தான். அதில் பேக்லைட் கிடையாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் புள்ளி முழுதாக அணைந்துவிடும். கடைக்காரர் கியூஎல்இடியைக் காட்டிச் சொன்னாரே, அந்த விவரம் இதற்குத்தான் பொருந்தும். விலையும் அதற்கேற்ப இருக்கும். மலிவு விலை 55 இஞ்ச் பெட்டியைக் காட்டி "ஓஎல்இடி மாதிரியேதான் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று, பெட்டி மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், எது பழுதாகும், எதைச் சரிசெய்ய முடியும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. எல்சிடியில் பேக்லைட் ஸ்ட்ரிப், அதாவது விளக்குப் பட்டை, போனால் மாற்றலாம். ஸ்ட்ரிப்பில் விளக்குகள் திருவிழா சீரியல் செட் போலத்தான் கோத்திருக்கும். ஒன்று போனால் வரிசையே அணையும். போனதை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றச் சொல்வது உங்களை ஏமாற்ற அல்ல, மிச்சமிருப்பதும் அதே வயதுதான். ஆனால் 65 இஞ்ச் பேனலைப் பிரித்துத் தூக்குவது அபாயமான வேலை, இரண்டு ஆள் வேண்டும். பேனலே போய்விட்டால், அது எந்த வகையானாலும், புது டிவி விலையை நெருங்கிவிடும். உடைந்த பேனலுக்கு வாரண்டியும் கிடையாது.

பேக்லைட் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் சூடு. கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று பளிச்சென்ற விவிட் மோடில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தும் அதே மோடில், பேக்லைட் நூற்றுக்கு நூறில், காலை முதல் இரவு வரை ஓடுகிறது. தயவுசெய்து முதல் நாளே செட்டிங்கில் போய் ஸ்டாண்டர்டுக்கோ சினிமாவுக்கோ மாற்றி, பேக்லைட்டை ஐம்பது, அறுபதுக்குக் குறையுங்கள். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

அப்படியானால் ஓஎல்இடி வாங்கிவிடலாமா? எல்லா வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். காலையில் ஆன் செய்து இரவு வரை செய்திச் சேனல் ஓடுகிற வீடு நம் பக்கம் நிறைய. மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டையில் ஓடும் எழுத்து, மாதக்கணக்கில் ஒரே இடம். ஓஎல்இடியில் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து, படம் மாறினாலும் நிழல் போலத் தங்கிவிடும். டிபன் கடைக்கும் சலூனுக்கும் ஓஎல்இடி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. ஓஎல்இடி டிவி தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். பல மாடல்களில், சில மணி நேரம் பார்த்தபின் ரிமோட்டில் அணைத்ததும், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அந்த வேலை நடக்கும். நம் வீடுகளில் படுக்கப்போகும்போது அம்மா சுவரில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். கரண்ட் பில் பயம், ஷாக் பயம், நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் அப்படி அணைத்தால் அந்தச் சரிபார்ப்பு நடக்காமலே போய்விடும். ஓஎல்இடி வாங்கினால் ரிமோட்டில் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர், தனி அறை இருக்கிறது, செய்தி அதிகம் ஓடாது, பணமும் இருக்கிறது என்றால் ஓஎல்இடி அருமையான பொருள். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது. ஹவுசிங் போர்டு ஹாலில் ஒருவர் கட்டிலில், ஒருவர் தரையில், ஒருவர் அடுப்படி வாசலில் என்று உட்காருகிறோமே, அதற்கு இது பெரிய விஷயம். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ பேனலுக்கு நேரே இருந்தால் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்துக்குப் போனால் வெளிறும். ஐபிஎஸ் பேனல் ஓரத்திலும் நிறம் காட்டும், இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பேனல் வகை பெட்டியில் எழுதியிருக்காது. கடையில் டிவிக்குப் பக்கவாட்டில் நடந்து போய்ப் பாருங்கள், நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தெருவாசல் திறந்தே கிடக்கும் வெளிச்சமான ஹாலுக்கு, பின்பக்கம் முழுக்க விளக்கு பரப்பிய எல்சிடி போதும்; கையில் கூடுதலாக இருந்தால் மினி எல்இடி. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய டிவிக்குக் கியூஎல்இடி என்ற பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

அளவு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நல்லதுதான். அந்த மிச்சத்தைக் காட்டியே 55 கேட்டு வந்தவரை 65க்கு ஏற்றுகிறார்கள். உட்காரும் இடத்திலிருந்து சுவருக்கு 7 அடி என்றால் 55 தாராளம். அதைவிட முக்கியம், அதில் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பது. சாதாரண கேபிள் சேனல் படம் 720க்கு 576 புள்ளி. 4கே ஸ்கிரீன் 3840க்கு 2160. வருகிற ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்துக் காட்ட வேண்டும். "புது டிவில முகமெல்லாம் மொழுக்குனு தெரியுது" என்று கூப்பிடுகிறார்கள். டிவியில் கோளாறு இல்லை. போய்ப் பார்த்தால் பல வீடுகளில் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் டிவிக்குப் போகிறது. பாக்ஸ் எச்டி என்றால் எச்டிஎம்ஐ வயர் போடுங்கள். பாக்ஸ் பழசு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

பெட்டியை மாடிப்படியில் படுக்கவைத்துத் தூக்காதீர்கள். நம் பக்கத்துப் படிகளின் திருப்பத்தில் 65 இஞ்ச் பெட்டி திரும்புமா என்று வாங்கும் முன்பே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மிண்ட் தெரு, சௌகார்பேட்டைப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுவர் சுண்ணாம்புக் காரை. டிவி மாட்டச் சுவரில் துளையிட்டுச் செருகும் சாதாரணப் பிளக் அதில் பிடிக்காது, நாளாக ஆகத் தளரும். ஸ்டாண்டிலேயே வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆட்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. போர்டைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரிலும், பாத்ரூம் ஈரம் ஏறும் சுவரிலும் டிவி மாட்டாதீர்கள். ஸ்கிரீன் மேல் தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ அடிக்கவே அடிக்காதீர்கள்! அது வழிந்து கீழ் ஓரத்துக்குள் போகும். நிறைய மாடல்களில் பேனலோடு ஒட்டிய மெல்லிய இணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த நாள் நெட்டுக்குக் கோடு விழும், அதற்கு மருந்து கிடையாது. உலர்ந்த மென்மையான துணி போதும்.

இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்குங்கள். அந்த வயர் வழியாகத்தான் பல மெயின் போர்டுகள் போகின்றன. பெரும்பாலான டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்தவை. ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கும் காசில் முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு, "ஒருதடவ போட்டுப் பாத்தோம்ணா" என்று நனைந்த டிவியைக் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். நனைந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள், காப்பாற்ற வழியுண்டு.

வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது சர்வீஸ் சென்டரில் செல்லாது. மாடல் எண் முழுதாக பில்லில் இருக்க வேண்டும். அந்த பில்லை அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், ஒரு வருடத்தில் அந்தத் தாளில் எழுத்து அழிந்துபோகும்.