கார்-டி சிகிச்சைக்குப் பின் ரிப்போர்ட்டில் புதுப் பட்டை: பழைய நோய்தானா?

மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு கார்-டி செல் சிகிச்சை (நோயெதிர்ப்பு டி செல்களை மாற்றியமைத்து உடலில் ஏற்றுவது) முடிந்து சில மாதங்களில் வரும் ரத்த ரிப்போர்ட்டில் 'மோனோகுளோனல் பட்டை தெரிகிறது' (ஒரே செல் வம்சம் சுரந்த ஆன்டிபாடி தனிக் கோடாகத் தெரிகிறது) என்று ஒரு வரி இருந்தால் போதும், வீடே கலங்கிப்போகும். நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் நோய் கண்டுபிடித்தபோது எடுத்த இம்யூனோஃபிக்சேஷன் (பட்டை எந்த வகை ஆன்டிபாடி என்று காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

அதில் 'ஐஜிஜி கப்பா' என்று இருந்து, இப்போது 'ஐஜிஜி லாம்டா' வந்திருந்தால், பெரும்பாலும் அது பழைய நோய் இல்லை. (ஐஜிஜி என்பது ஓர் ஆன்டிபாடி வகை; கப்பா, லாம்டா இரண்டும் ஆன்டிபாடியில் இருக்கும் லைட் செயின் என்ற சிறு பகுதியின் வகைகள்.) பிசிஎம்ஏ என்ற செல் மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல்களுக்கு மைலோமா செல், ஆன்டிபாடி சுரக்கும் நல்ல பிளாஸ்மா செல் என்ற பேதம் கிடையாது, இரண்டையும் அழித்துவிடும். நோயெதிர்ப்பு மண்டலம் மறுபடி துளிர்க்கும்போது ஒரு சில செல் வம்சங்கள்தான் முதலில் ஆன்டிபாடி சுரக்கும். மற்ற ஆன்டிபாடிகள் வற்றிக் கிடப்பதால் அந்தத் துளி அளவும், லேபில் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் தனிக் கோடாகத் தெரிந்துவிடும். இவைதான் ஒலிகோகுளோனல் பட்டைகள். மெலிதாக இருக்கும், ஒன்று மறையும், வேறொன்று முளைக்கும்.

வகையும் ஒன்றாக இருந்தால்தான் கவனம் கூட வேண்டும். ஜெல்லில் பட்டை நிற்கும் இடம் பழைய இடமேதானா என்று லேபில் ஒப்பிடச் சொல்லுங்கள். டாரடுமுமாப் என்ற மைலோமா மருந்து போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்; அந்த மருந்தே ஓர் ஐஜிஜி கப்பா என்பதால் பட்டையாகத் தெரியும்.

முதல் மாதங்களில் பழைய பட்டையே மிச்சமிருப்பதும் சகஜம். ஐஜிஜி ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 3 வாரம் ஆகும். டெசிலிட்டருக்கு 3 கிராமில் தொடங்கினால், புதிதாக எதுவும் சுரக்காவிட்டாலும் 6 வாரத்தில் முக்கால் கிராம் மிச்சம் இருக்கும். மஜ்ஜை சுத்தமாக இருக்கும்போதே இப்படி வரலாம்.

ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியோடு சேராமல் ரத்தத்தில் தனியே இருக்கும் லைட் செயின்) விகிதமும் ஏமாற்றும். கப்பா 1.5, லாம்டா 0.5 மி.கி./லிட்டர் என்றால் விகிதம் 3. இயல்பு வரம்பான 1.65-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இரண்டுமே இயல்பைவிட மிகக் குறைவு. அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காமல் தனித்தனி அளவையும் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் சில வாரம் கழித்து அதே லேபில் மறுபரிசோதனை. பட்டை ஒவ்வொரு முறையும் தடித்துக்கொண்டே போனால் மஜ்ஜைப் பரிசோதனையும் பெட்-சிடி ஸ்கேனும் தேவைப்படலாம்.

பட்டையே இல்லாமலும் நோய் திரும்பலாம், லைட் செயினை மட்டும் சுரந்தபடியோ எதையுமே சுரக்காமலோ. புதிய எலும்பு வலி, ஏறும் கால்சியம் அல்லது கிரியாட்டினின், இறங்கும் ஹீமோகுளோபின் இருந்தால், புரத ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும் டாக்டரை உடனே பாருங்கள்.